லகட்சுவோய்: ரோப்காரில் ஏறிச் சுரங்கத்தில் இறங்கிய ஒரு நாள்

இத்தாலியின் வடகிழக்கில், கோர்ட்டினா தம்பெட்ஸோ நகரிலிருந்து மேற்கு நோக்கி வளைந்து ஏறும் சாலை 2,105 மீட்டர் உயரத்தில் ஃபல்சாரெகோ கணவாயை அடைகிறது. அங்கே இறங்கி வடக்கே நிமிர்ந்தால் லகட்சுவோய் மலையின் செங்குத்தான முகம் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். முதற்பார்வைக்கு அது டோலமைட் மலைத்தொடரின் மற்ற சிகரங்களைப் போல வெளிறிய பாறைச் சுவராகத்தான் தெரிகிறது. சற்று நேரம் உற்றுப் பார்த்த பிறகே சுவரின் நடுவில் சிதறிக் கிடக்கும் கருப்புப் புள்ளிகள் பிடிபடுகின்றன. 1915 முதல் 1917 வரை இந்த மலைக்குள் தங்கிப் போரிட்ட படைவீரர்கள் காற்றுக்காகவும், வெளிச்சத்துக்காகவும், எதிரியைச் சுடுவதற்காகவும் குடைந்த சாளரங்கள் அவை. அடிவாரத்தில் விசிறிபோல் சரிந்து கிடக்கும் கற்குவியலில் ஒரு பகுதி மழையும் பனியும் உதிர்த்தது. இன்னொரு பகுதி வெடிமருந்து உதிர்த்தது.

முதல் உலகப் போரின் எச்சங்களை அவை இருந்த இடத்திலேயே பேணி வைத்திருக்கும் இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தைச் சென்ற செப்டம்பரில் ஒரு முழு நாள் சுற்றிப் பார்த்தேன். இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வாயிற்கதவும் காவலரும் மூடும் நேரமும்கூடக் கிடையாது. ரோப்காரில் ஏறினால் அதற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். இறங்குவதற்குச் சுரங்கவழி இருப்பதால் ஒருவழிச் சீட்டே போதுமானது. போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டாயம் போகலாம் என்பதுதான். ஆனால் எந்த வரிசையில் பார்ப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளாவிட்டால், இங்கே வரும் பலரையும் போல ஒரு நல்ல மலைக்காட்சியையும் ஓர் இருட்டுப் படிக்கட்டையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று புரியாமலே திரும்ப நேரிடும்.

அந்தத் தொடர்பை விளக்கக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. போர் தொடங்கியபோது கோர்ட்டினா இத்தாலியில் இல்லை. அது ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த ஊர். 1915 மே 23 அன்று இத்தாலி அப்பேரரசின்மீது போர் அறிவித்தது. ஆஸ்திரியப் படைகளில் பெரும்பகுதி அப்போது ரஷ்யாவுக்கு எதிராகக் கிழக்கில் சிக்கியிருந்ததால், பாதுகாக்க முடியாத கோர்ட்டினாப் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு, குறைந்த ஆட்களைக் கொண்டே காக்கக்கூடிய மலைமுகடுகளுக்கு ஆஸ்திரியர்கள் பின்வாங்கினார்கள். அந்த முகடுகளில் ஒன்று லகட்சுவோய். உச்சியில் அவர்கள் அமர்ந்துகொண்டால் கீழே கணவாய் வழியாக எவரும் கடக்க முடியாது என்பது கணக்கு.

அந்தக் கணக்கு அதே ஆண்டு அக்டோபரில் பிசகியது. அல்பீனி எனப்படும் இத்தாலிய மலைப்படையினர் இரவோடு இரவாகப் பாறைமுகத்தில் ஏறி, சுவரின் நடுவே திண்ணைபோல நீண்டிருக்கும் ஒரு குறுகிய விளிம்பைக் கைப்பற்றினார்கள். அவர்களை வழிநடத்திய அதிகாரியின் பெயரால் அது இன்றும் மார்த்தினி விளிம்பு என்றே வழங்குகிறது. இதன்பின் இரண்டாண்டுக் காலம் ஒரே மலையின் தலையில் ஒரு படையும் வயிற்றில் எதிரிப் படையும் குடியிருந்தன. பக்கத்திலிருக்கும் வால்பரோலா கணவாயின் ஆஸ்திரியப் பதுங்குகுழிகளைப் பக்கவாட்டிலிருந்து சுட அந்த விளிம்பு இத்தாலியர்களுக்கு வாகாக இருந்தது. உச்சியில் இருந்தவர்களாலோ செங்குத்தாகத் தமக்குக் கீழே இருப்பவர்களைப் பார்க்கவும் முடியவில்லை, குறிவைக்கவும் முடியவில்லை. சுட முடியாதவனை அவன் நிற்கும் தரையோடு சேர்த்துப் பெயர்த்துவிடுவது என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததிலிருந்துதான் இந்த மலைக்குள் தோண்டும் போர் தொடங்குகிறது.

ரோப்கார் ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. வழியில் மார்த்தினி விளிம்பைக் காண விரும்பினால் பாறைமுகத்தின் பக்கமுள்ள சாளரத்தருகே நில்லுங்கள். பெட்டி விரைவாக ஏறுவதால், எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரியாதவர்களுக்கு விளிம்பு தட்டுப்படாது. எனக்கும் முதலில் தட்டுப்படவில்லை.

மேலே 2,752 மீட்டர் உயரத்தில் ஒரு மலைவிடுதி இருக்கிறது. அதன் மேடையில் நின்றால் தெற்கே மர்மொலாடாவின் பனியாறும் கிழக்கே தோஃபானாவின் பேருருவும் தெரிகின்றன. பெரும்பாலோர் அங்கேயே காபி அருந்திப் படமெடுத்துக்கொண்டு அடுத்த பெட்டியில் இறங்கிவிடுகிறார்கள். காட்சிக்காக வருபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் காட்சியையே ஒரு படைத்தலைவனின் கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். தென்மேற்கே தெரியும் கொல் தி லானா மலையின் உச்சியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. 1916 ஏப்ரலில் இத்தாலியர்கள் அடியில் சுரங்கம் தோண்டி ஏறத்தாழ 5 டன் வெடிமருந்தால் அதைத் தகர்த்தார்கள். தோஃபானாவின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் காஸ்தெல்லெத்தோ பாறையின் கீழ் அதே ஆண்டு ஜூலை 11 அன்று 35 டன் வெடித்தது. ஆக, சுற்றிலும் தெரியும் மலைகளின் வடிவத்தில்கூட அந்தப் போரின் கை இருக்கிறது. மேடையில் வைத்திருக்கும் திசைப்பலகை சிகரங்களின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. இதையும் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்.

மேடையிலிருந்து சிலுவை நாட்டிய 2,778 மீட்டர் உச்சிக்குப் போகும் பாதை எளிதானது. அதை ஒட்டி ஆஸ்திரியர்களின் பதுங்குகுழிகளும், பாறையைக் குடைந்து செய்த காவலரண்களும், உள்ளே குறுகிய நடைவழிகளும் சீர்படுத்தப்பட்டிருக்கின்றன. சுரங்கத்துக்குப் போகுமுன் இங்கே ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். கைசர்யேகர் என்னும் ஆஸ்திரியப் படைப்பிரிவின் வீரர்கள் இங்கே வெயிலுக்கும் குண்டுக்கும் அஞ்சியதைவிடப் பனிக்கே அதிகம் அஞ்சியிருக்க வேண்டும் என்று தோன்றியது. செப்டம்பர் நண்பகலிலேயே நிழலில் விரல் மரத்தது. 1916–17 குளிர்காலத்தில் இந்த முனை முழுவதும் பனிப்பொழிவு மிகக் கடுமையாக இருந்தது. 1916 டிசம்பர் 13 அன்று மர்மொலாடாவில் ஒரே பனிச்சரிவு, படை தங்கியிருந்த குடில்களை மூடி இருநூறுக்கும் மேற்பட்ட ஆஸ்திரிய வீரர்களைக் கொன்றது. பாறைக்குள் குடைந்துகொண்டு போனது எதிரியிடமிருந்து தப்ப மட்டுமல்ல என்பது இந்தக் காவலரண்களுக்குள் குனிந்து நுழையும்போது விளங்குகிறது. உள்ளே குளிர்காற்று வீசுவதில்லை. வெளியைவிடக் கதகதப்பாக இருக்கிறது.

உச்சியைச் சுற்றிவிட்டுக் கிழக்கே சிறிது இறங்கினால், முன்சிகரம் என்னும் பொருளில் அந்திசீமா என்று அழைக்கப்படும் இடத்தில் மலை திடீரென்று கடிபட்டதுபோல் அறுந்து நிற்கிறது. 1917 ஜூன் 20 அன்று இத்தாலியர்கள் 33 டன் வெடிமருந்தை இங்கேதான் வெடித்தார்கள். லகட்சுவோயில் நடந்த ஐந்து சுரங்கவெடிப்புகளில் இது ஒன்று மட்டுமே இத்தாலியர்களுடையது. மற்ற நான்கும் ஆஸ்திரியர்கள் மேலிருந்து தோண்டி வந்து மார்த்தினி விளிம்பை அறுத்துத் தள்ள வைத்தவை. 1916 புத்தாண்டு நாளன்று வெறும் 300 கிலோவில் தொடங்கியது, 1917 ஜனவரியில் 16 டன்னாகி, மே 22 அன்று ஏறத்தாழ 30 டன்னாக வளர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் ஒருமுறை 5 டன் அளவில் வெடித்தது. பாறைமுகத்தின் பெரும்பகுதி சரிந்து விழுந்தும் இத்தாலியர்கள் விளிம்பை விட்டு அகலவில்லை. இத்தாலியர்கள் வைத்த 33 டன்னாலும் உச்சி கைக்கு வரவில்லை. இரு தரப்பும் எதிரி துளையிடும் ஓசையைப் பாறை வழியே கேட்டுக்கொண்டே இருந்ததுதான் இதற்குக் காரணம். ஓசை கேட்கும்வரை அச்சமில்லை. அது நின்றால் வெடிமருந்தை அடுக்குகிறார்கள் என்று பொருள். அப்போது முன்வரிசை ஆட்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

அந்திசீமாவுக்கு அருகில் இத்தாலியச் சுரங்கத்தின் மேல்வாய் இருக்கிறது. இந்த அருங்காட்சியகத்தின் உயிர் அதற்குள்தான் இருக்கிறது. ஏறத்தாழ 1,100 மீட்டர் நீளமுள்ள இந்தச் சுரங்கத்தை மார்த்தினி விளிம்பிலிருந்து தொடங்கி, ஆஸ்திரிய முன்னரணின் அடிவரைக்கும், காற்றழுத்தத் துளைக்கருவிகளைக் கொண்டு பாறைக்குள் மேல்நோக்கிக் குடைந்திருக்கிறார்கள். நாம் இறங்குவது அவர்கள் ஏறிய வழி. ஆகவே கதை நமக்குப் பின்னிருந்து முன்னாக வருகிறது: முதலில் வெடித்த இடம், பிறகு வெடிமருந்தைச் சுமந்த படிகள், அதன்பின் படுத்துறங்கிய அறைகள், கடைசியில் எல்லாம் தொடங்கிய அந்தத் திண்ணை.

படிகள் செங்குத்தானவை. சில இடங்களில் மரக்கட்டை பதித்திருக்கிறார்கள். பல இடங்களில் வெறும் பாறைதான். ஒரு படியின் உயரம் அடுத்த படிக்கு இருப்பதில்லை. வலக்கைப் பக்கமோ இடக்கைப் பக்கமோ இரும்புக் கம்பிவடம் ஒன்று தொடர்ந்து வருகிறது. அதைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்கவே கூடாது. கூரையிலிருந்து நீர் சொட்டுவதால் கற்கள் ஈரமாக இருக்கின்றன. கையுறை இல்லாமல் வந்த ஒருவர் கால் மணி நேரத்தில் சட்டைக் கையை இழுத்துக் கம்பியைப் பற்றத் தொடங்கியதைப் பார்த்தேன். உயரமானவர்கள் தலையை எண்ணற்ற முறை இடித்துக்கொள்வார்கள். உயரம் குறைந்த நானே ஆறு முறை இடித்துக்கொண்டேன். ஹெல்மெட் வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம்.

இடையிடையே பக்கவாட்டில் கிளைவழிகள் பிரிந்து, பாறைமுகத்தில் திறக்கும் சாளரங்களுக்குக் கொண்டுபோகின்றன. காலையில் கணவாயிலிருந்து புள்ளியாகப் பார்த்தவை இவைதான். உள்ளிருந்து பார்க்கும்போது ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சாலை வளைவையோ எதிர்ப்பாறையையோ மட்டும் சட்டம் போட்டதுபோல் காட்டுகிறது; சுற்றிப் பார்க்கத் திறந்ததல்ல, ஒரே இடத்தைக் கண்காணிக்கத் திறந்தது என்பது உடனே தெரிகிறது. குடைந்தெடுத்த கல்லையும் இந்தச் சாளரங்கள் வழியாகவே வெளியே கொட்டியிருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் வழியில் ஓர் ஆள் குனிந்து நிற்கும் அளவுக்குப் பாறையை அகற்றினால் எவ்வளவு கல் சேரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினேன். போர்வரலாறுகளில் ஒரு வரியில் முடிந்துபோகும் “சுரங்கம் தோண்டினார்கள்” என்ற சொற்றொடரின் உழைப்பு முழங்கால் வலிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

பாதி வழியில் என் நெற்றிவிளக்கு அணைந்துவிட்டது. காலையில் ஒரு வாடகைக் கடையில் ஹெல்மெட்டோடு சேர்த்து எடுத்தது. பேட்டரியைச் சோதித்துக் கொடுத்தார்களா என்று நானும் கேட்கவில்லை. சாளரம் இல்லாத ஒரு திருப்பம் அது. கைபேசி வெளிச்சத்தை ஒரு கையில் பிடித்தால் கம்பியைப் பிடிக்க மறு கை மட்டும்தான் மிஞ்சுகிறது, அடுத்த படியோ எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நாலைந்து படி இறங்கியபோது, எனக்குக் கீழே வெகுதூரத்தில் யாரோ இரண்டு சிறுவர்கள் பேசிக்கொள்வது பக்கத்தில் பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. பின்னால் வந்த ஒரு ஜெர்மானியக் குடும்பத்தார் தங்களிடம் மிகையாக இருந்த ஒரு விளக்கைக் கொடுத்து உதவினார்கள். அவர்களோடு அடுத்த சாளரத்தை அடையும்போது அந்தச் சிறுவர்கள் அங்கே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். இடையில் இருந்த தூரம் பத்து நிமிட இறக்கம். சுரங்கத்துக்குள் ஓசை இப்படிப் பயணம் செய்யும் என்றால், இரவில் மேலிருந்து துளைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இங்கே உறங்க முயன்றவர்களுக்குத் தூக்கம் எப்படி வந்திருக்கும் என்று விளக்கிய தகவல்பலகை எதையும் நான் பார்க்கவில்லை.

தகவல்பலகைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருக்கும் பலகைகள் பிழையற்றவை. தேதியும், டன் கணக்கும், படைப்பிரிவின் பெயரும் துல்லியமாக இருக்கின்றன. இரு தரப்பையும் சமமாக நடத்துகின்றன. வெற்றி முழக்கம் எதுவும் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் சோறு எப்படி வந்தது, தண்ணீர் எங்கே கிடைத்தது, காயம்பட்டவனை இந்தப் படிகளில் எப்படி இறக்கினார்கள் என்ற கேள்விகளுக்கு அவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. எதிரும் புதிருமாக ஆட்கள் வரும்போது ஒதுங்கி நிற்கும் இடங்கள் போதவில்லை என்பது இரண்டாவது குறை. மேலிருந்து இறங்குபவர்கள்தான் மிகுதி. கீழிருந்து ஏறுபவர் ஒருவர் வந்தாலும் வரிசை முழுவதும் நின்றுவிடுகிறது. அப்படி ஏறி வந்தவர்களின் முகத்தைப் பார்த்தபோது சிரமம் இருந்தாலும், அடுத்த முறை நானும் ஏறியே வரவேண்டும் என்று தோன்றியது. குடைந்தவர்கள் போன திசை அதுதான். முழங்காலுக்கும் ஏற்றமே நல்லது.

சுரங்கத்தின் கீழ்ப்பகுதி மார்த்தினி விளிம்பில் திறக்கிறது. இருட்டிலிருந்து வெளியே வந்ததும் கண் கூசி, ஒரு கணம் கம்பியை விடத் தயங்கினேன். குறுகிய தரை, பின்னால் பாறை, முன்னால் பள்ளம். இந்த இடத்தில் மரக்குடில்களும் கிடங்குகளும் அடுக்கி இத்தாலியப் படை இரண்டு குளிர்காலங்களைக் கழித்திருக்கிறது. சீர்படுத்திய சில அறைகளை உள்ளே நுழைந்து பார்க்கலாம். தலைக்கு மேலே பாறையில் புதிதாக உடைந்ததுபோல் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரியும் வடுக்கள் நூறாண்டுக்கு முந்தைய வெடிப்புகளால் வந்தவை. இத்தனைக்கும் பிறகு இந்த விளிம்பை யாரும் சண்டையிட்டுப் பறிக்கவில்லை. 1917 அக்டோபர் 24 அன்று இங்கிருந்து வெகுதூரத்தில் கப்போரெத்தோவில் இத்தாலிய முனை உடைந்ததால், பின்புறம் துண்டிக்கப்பட்டுவிடும் என்று அஞ்சி, அடுத்த சில நாள்களில் இத்தாலியர்கள் தாமாகவே இறங்கிப் போனார்கள்.

விளிம்பிலிருந்து கணவாய்க்கு இறங்கும் பாதை சரளைக்கல் நிறைந்தது. கணுக்காலைப் பிடிக்கும் காலணி அவசியம். உச்சியிலிருந்து கணவாய்வரை நின்று பார்த்து இறங்க எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. உயரத்துக்கு அஞ்சுபவர்களைவிட இறுக்கமான இடத்துக்கு அஞ்சுபவர்களே இங்கே அதிகம் துன்பப்படுவார்கள். சிறு குழந்தைகளைச் சுமந்துகொண்டு வருவது வேண்டாம். ஆஸ்திரியர்கள் பயன்படுத்திய மலைப்பக்க வழியும் கைசர்யேகர் பாதை என்ற பெயரில் தொங்குபாலத்தோடு சீர்படுத்தப்பட்டிருக்கிறது. அது திறந்த பாறையில் போவதால் மலையேற்றப் பழக்கமும் அதற்குரிய கச்சையும் உள்ளவர்களுக்கே ஏற்றது. கோடையின் தொடக்கத்தில் சுரங்கத்துக்குள் பனிக்கட்டி மிஞ்சியிருக்கும். ஆகஸ்டும் செப்டம்பரும் பாதுகாப்பானவை.

நேரம் மிஞ்சினால் வால்பரோலா கணவாய்ச் சாலையிலிருக்கும் த்ரே சாஸ்ஸி கோட்டையைப் பாருங்கள். 1897க்கும் 1901க்கும் இடையில் ஆஸ்திரியர்கள் கட்டிய அந்தக் கல்கோட்டை, 1915 ஜூலையில் இத்தாலியப் பீரங்கிகள் சுட்டதில் சில நாள்களிலேயே பயனற்றுப்போனது. இப்போது கட்டணம் வாங்கும் ஒரு சிறிய அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே தகரக் குவளை, பனிக்காலணி, துருப்பிடித்த முள்கம்பி எல்லாம் நெருக்கியடித்துக் குவிந்திருக்கின்றன. சுரங்கத்தில் எனக்கு விடை கிடைக்காத அன்றாடக் கேள்விகளில் பாதிக்கு இந்தக் குவியலில் விடை இருந்தது. தெற்கே சின்க்வே தோர்ரி பாறைகளின் அடியில் மரப்பலகை அடித்துச் செப்பனிட்ட இத்தாலியப் பதுங்குகுழிகள் குழந்தைகளோடு நடப்பதற்கு ஏற்றவை. லகட்சுவோய்க்குப் பிறகு பார்த்ததால் அவை எனக்குச் சற்றுப் புதுக்கருக்கோடு தெரிந்தன.

கடைக்காரரிடம் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்து விளக்கு அணைந்த கதையைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டு வாடகையில் பாதியைத் திருப்பித் தந்தார். பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எந்தத் திருப்பத்தில் அணைந்தது என்று கேட்டார். வாசலுக்கு வந்து இருவரும் மலைமுகத்தைப் பார்த்தோம். காலையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்த கருப்புப் புள்ளிகளில், சிறுவர்கள் ரொட்டி தின்ற சாளரம் எது என்று காட்டி, அதற்குச் சற்று மேலே என்று என்னால் சொல்ல முடிந்தது.